தெவக்கை என்றால் பன்றி படுத்த இடம்

ஜமுனாமரத்தூரில் சாமை சுத்தம் செய்யும் கொட்டகை ஒன்றில் நான் மிஷின் ஓட்டுகிறேன். மேலே சாமையைக் கொட்டினால் கல் ஒரு பக்கமும் தானியம் ஒரு பக்கமும் விழும். மிஷினுக்குத் தப்பிய கல்லை ஏழு பெண்கள் முறத்தில் புடைத்துப் பொறுக்குவார்கள். அதில் ரத்தினம்மாள் அக்கா புடைத்த சாமையை மட்டும் யாரும் மறுபடி கிளறிப் பார்ப்பதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. மேல்மலையில் அவர் ஊர். ஒன்றரை மணி நேரம் நடந்து வருவார், நடந்து போவார். புருஷன் முனியன் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவர், பொங்கலுக்கு வருவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. மாமனார் வழியில் வந்த நாலு துண்டு நிலம் மலைச்சரிவில் இருந்தது. அதற்குத் தாள் கிடையாது. அக்கா கொத்தி, விதைத்து, அறுப்பார். அது போதாத மாதங்களில் கொட்டகைக்கு வருவார்.

மழை தூறினாலே கரண்ட் போய்விடும் ஊர் இது. மிஷின் நின்றால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்படி ஒரு மதியம் நான் ஓரமாக அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வாணியம்பாடியில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது. அட்டை கிடையாது. முதல் முப்பது பக்கமும் கிடையாது. கல்பனா வந்து பிடுங்கினாள். அவளும் என்னைப் போல ஆலங்காயத்துக்காரி, மலையில் கல்யாணம் கட்டி வந்தவள்.

"இன்னா பாய், பரிச்சைக்குப் படிக்கறியா?"

"சும்மாதான்."

அவள் ஒரு சொல்லில் விரல் வைத்தாள். "உலண்டு. இன்னா இது? சாப்புடறதா?"

யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அங்கிருந்துதான் ஆட்டம் பிறந்தது. அதற்கு 'புளுகு' என்று பெயர் வைத்தது செல்லியம்மாள் அக்கா. ஏழு பேரிலும் மூத்தவர் அவர். ரத்தினம்மாள் அக்காவின் பக்கத்து வீடு.

விதி சுலபம். நான் அகராதியிலிருந்து யாருக்கும் தெரியாத சொல் ஒன்றைப் படிப்பேன். ஒவ்வொருவரும் ஒரு பொருள் சொல்ல வேண்டும். உண்மைப் பொருளை நானும் நடுவில் கலந்து சொல்லிவிடுவேன். பிறகு எது நிஜம் என்று கை தூக்க வேண்டும். யாருடைய புளுகுக்கு அதிகம் கை எழுகிறதோ அவருக்கு வெற்றி. ஒரு கைகூட வாங்காதவர் அன்றைக்கு உமி கூட்டி அள்ள வேண்டும்.

உலண்டுக்கு ரத்தினம்மாள் அக்கா சொன்ன பொருள் இது: "மாமியாக்காரி தின்னு முடிச்சிட்டுத் தட்டுல ஒரு வாய் சோறு வெப்பா பாரு, மருமவ அத எடுத்துத் தின்றாளான்னு பாக்க. அந்தச் சோறு."

ஆறு கையும் எழுந்தது. உலண்டு என்றால் பட்டுப்புழு என்று நான் சொன்னபோது ஒருத்தரும் என்னை நம்பவில்லை.

கல்பனாதான் நிறைய நாள் உமி அள்ளினாள். ஒருநாள் கேட்டேவிட்டாள். "உனுக்கு மட்டும் எப்டிக்கா எல்லாரும் கை தூக்கறாங்கோ?"

"நீ சொல்றது வெறும் பொய்டி. கொசு மாதிரி ஒண்ணு, கொடம் மாதிரி ஒண்ணுன்னு. அதுல ஆளே இல்ல. ஒரு ஆள வெச்சி சொல்லு. அந்த ஆளுக்கு எங்கனாச்சும் வலிக்கணும். அப்பதான் நம்புவாங்கோ."

நான் பேசுகிறவன் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா சொன்ன புளுகுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். புதுக்கவிதைப் புத்தகங்கள் படித்துப் படித்து, நாலு வரியில் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு அது தும்மல் மாதிரி வந்தது. ஆனால் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோது வேறு ஒன்றும் தெரிந்தது. அவர் எதையும் புதிதாகக் கட்டவில்லை. தட்டில் ஒரு வாய்ச் சோறு வைத்த மாமியார் அவருடையவள்தான்.

இன்னொரு நாள் ஞிமிறு என்று ஒரு சொல். வண்டு என்று பொருள். அக்கா சொன்னார்: "புருசங்காரன் வெளியூர்லர்ந்து போன் பண்ணுவான். அவன் பேசறப்போ பின்னால ஒரு பொம்பள பாத்திரம் வெளக்கற சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்துக்குப் பேருதான் ஞிமிறு."

கல்பனா சிரித்துவிட்டு, பாதியில் நிறுத்தினாள். அன்றைக்கு ஏனோ யாருமே கை தூக்கவில்லை. விதிப்படி அக்கா எழுந்து உமி அள்ளினார்.

அந்த வருடம் ஆவணி மாதத்தில் கீழே ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு சாரும், அவரிடம் படிக்கும் ஒரு பெண்ணும். மலையில் பேசும் சொற்களைச் சேர்த்துப் புத்தகம் போடப் போவதாகச் சொன்னார்கள். கரண்ட் இல்லாத நேரம். பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் போனை நடுவில் வைத்தாள். சார் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூழுக்கு என்ன பேர், மண்வெட்டிக்கு என்ன பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நல்ல மனுஷர். சொல்லச் சொல்லத் தலையாட்டி எழுதினார்.

"நெலத்துக்கு இன்னா இன்னா பேர் சொல்லுவீங்கம்மா?"

செல்லியம்மாள் அக்காவுக்கு வாய் தவறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். "கொல்லை, காடு, தெவக்கை..."

"தெவக்கையா? இது நான் கேட்டதே இல்லையே. அப்டின்னா?"

எனக்குத் தெரியும். கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். மேல்மலையில் மூன்றே ஊரில் வழங்கும் சொல் அது. சரிவில் மூன்று வருடம் சாமை விதைப்பார்கள். மண் களைத்ததும் நாலு வருடம் அப்படியே விட்டுவிடுவார்கள். புதர் வளரும். பிறகு அதே குடும்பம் திரும்பி வந்து புதரை வெட்டி மறுபடி விதைக்கும். ஆறிக் கிடக்கும் அந்த நாலு வருடமும் நிலத்துக்குப் பெயர் தெவக்கை. யாருடைய தெவக்கை எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர் அதில் கால் வைக்க மாட்டார். ரத்தினம்மாள் அக்காவின் நாலு துண்டும் அந்த வருடம்தான் தெவக்கையாக விடப்பட்டிருந்தது.

செல்லியம்மாள் அக்கா வாயைத் திறப்பதற்குள் ரத்தினம்மாள் அக்கா முந்திக்கொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"தெவக்கைன்னா காட்டுப்பன்னி படுத்து எழுந்த எடங்க சார். குட்டி போட்ட பன்னி. அந்த எடத்துல ஈரம் காயவே காயாது. அங்க மனுசன் வெதைக்க மாட்டான். வெதைச்சா அந்த வூட்ல பொம்பளைக்குப் புள்ள தங்காது."

கல்பனா குனிந்து முறத்தைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. சார் பேனாவை நிறுத்தி, "ஈரம் காயவே காயாது," என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

அது விளையாட்டு மட்டும் இல்லை என்று பிற்பாடுதான் புரிந்தது. முன்னொரு காலத்தில் யாரோ அளக்க வந்தபோது, இதெல்லாம் நாங்கள் விதைக்கிற நிலம் என்று அக்காவின் மாமனார் கையை நீட்டிக் காட்டினாராம். காட்டிய நிலத்துக்கெல்லாம், காட்டை ஆக்கிரமித்ததாக அபராதம் போட்டார்களாம். அதிலிருந்து அந்த ஊரில் ஒரு வழக்கம். தாளும் பேனாவுமாக வந்து யார் நிலத்தைப் பற்றிக் கேட்டாலும் நிஜம் சொல்வதில்லை.

கிளம்பும்போது சார் மிஷின் பக்கம் என்னிடம் வந்தார். "தம்பி, நீங்க கீழ்நாட்டுக்காரர்னு சொன்னாங்க. இந்த தெவக்கை, பன்றி படுத்த இடம். நீங்களும் கேட்டிருக்கீங்களா?"

நான் தலையாட்டினேன்.

"உங்க பேரு?"

"சுஃப்யான். ஆலங்காயம்."

எழுதிக்கொண்டார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் கொட்டகை முழுக்கச் சிரிப்பு. "பாவம்டி அந்த ஆளு," என்றார் செல்லியம்மாள் அக்கா. "பாவமாவது ஒண்ணாவது," என்றார் ரத்தினம்மாள் அக்கா. "வருவாங்க, கேப்பாங்க, போவாங்க. எவன் திரும்பி வந்தான்?"

நாலு வருடம் கழித்து, அந்தச் சரிவில் மரக்கன்று நடும் திட்டம் வந்தது. எந்த நிலத்தையாவது குடும்பமாக உழுது வருகிறவர்கள் உரிமைப் பட்டாவுக்கு மனு கொடுக்கலாம், மனு சரியென்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் நடுவார்கள் என்றார்கள். அக்காவின் மனுவை நான்தான் எழுதினேன். கிராம சபையில் எல்லோரும் கை தூக்கினார்கள். பிறகு அதிகாரி ஒருவர் நேரில் போய் நிலத்தைப் பார்த்தார். ஆள் உயரத்துக்குப் புதர்.

விசாரணை பஞ்சாயத்துக் கட்டடத்தில் நடந்தது. தாள்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கதவோரம் நின்றேன். செல்லியம்மாள் அக்காவும் ஊர்ப் பெரியவர் கோவிந்தனும் சாட்சிக்கு வந்திருந்தார்கள். அதிகாரி சின்ன வயது. கடுமையாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"அம்மா, நான் போய்ப் பாத்தேன். வெதைச்ச அடையாளமே இல்லயே. வெறும் பொதரா இருக்கு."

"அது தெவக்கைங்க சார். ஆறப் போட்டிருக்கோம். வர்ற ஆடியில வெட்டி வெதைக்கணும். அதுக்குத்தான் இப்ப வந்திருக்கேன்."

"தெவக்கை." அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். வழவழப்பான அட்டை. மலைச் சொற்களின் தொகுப்பு. "மனுவுல இந்த வார்த்தை இருந்துச்சு. உங்களுக்குச் சாதகமா எதாச்சும் கெடைக்குமான்னுதான் தேடிப் பாத்தேன்."

படித்தார். "தெவக்கை. குட்டி ஈன்ற காட்டுப்பன்றி படுத்தெழுந்த இடம். ஈரம் காயாதது. இங்கு மக்கள் விதைப்பதில்லை. விதைத்தால் அக்குடும்பத்தில் பிள்ளை தங்காது என்பது நம்பிக்கை. தகவல், ரத்தினம்மாள், வயது நாற்பத்து நான்கு."

அக்கா சிரித்தார். பயத்தில் வரும் சிரிப்பு.

"அய்ய, அது புளுகுங்க சார். நாங்க வெளாடுவோம். ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்லி. அந்த சார் வந்தப்போ..."

"அப்ப சொன்னது பொய், இப்ப சொல்றது உண்மை. அப்டித்தானே?"

"ஆமாங்க."

"எனக்கு அது எப்டிம்மா தெரியும்?"

செல்லியம்மாள் அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கோவிந்தன் ஒவ்வொரு துண்டுக்கும் எல்லை சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "இவங்க எல்லாம் உங்க ஊரு, உங்க சொந்தம். உங்களுக்காகத்தான் பேசுவாங்க. இந்தப் புத்தகத்துல இன்னொரு பேரும் இருக்கே. அவருக்கு உங்க நெலத்துல ஒரு சம்பந்தமும் இல்ல. அதனாலதான் யோசிக்க வேண்டியிருக்கு. உறுதி செய்தவர், சுஃப்யான், ஆலங்காயம்."

அக்கா திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறத்தில் ஒரு கல் தட்டுப்பட்டால் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

நான் முன்னால் போனேன். "சார், அது நான்தான். அது விளையாட்டு சார். எனக்கு அப்பவே தெரியும்."

"நீங்க யார் கூட வந்திருக்கீங்க?"

"அக்கா கூட."

"மனு யார் எழுதினது?"

"நான்தான்."

அவர் பேனாவை மூடினார். மறு ஆய்வுக்கு அனுப்புகிறேன், அதற்கு மேல் தன் கையில் எதுவும் இல்லை என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். அந்த மறு ஆய்வு இன்னும் வரவில்லை. கன்று நடும் வேலை நிற்கவில்லை.

ஆனி மாதம் குழி வெட்ட ஆள் எடுத்தார்கள், நாள் கூலிக்கு. ரத்தினம்மாள் அக்கா பெயர் கொடுத்தார். இரண்டு வாரம் கொட்டகைக்கு வரவில்லை. எந்தச் சரிவில் வெட்டினார் என்று செல்லியம்மாள் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அவ துண்டுலதான். வேற ஆள் வெட்னா கண்டபடி வெட்டிப் போடுவான், மண்ணு சரிஞ்சிடும், நானே வெட்றேன்னு போனா," என்றார்.

திரும்பி வந்த அன்று அக்காவின் உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. வழக்கமான இடத்தில் உட்கார்ந்து முறத்தை எடுத்தார். மதியம் கரண்ட் போனது. விசாரணைக்குப் பிறகு புளுகு ஆடுவதை விட்டுவிட்டார்கள். அகராதி என் பெட்டியில்தான் கிடந்தது. அன்றைக்குக் கல்பனா மட்டும் தெரியாத்தனமாக, "போர் அடிக்குதுக்கா, ஒண்ணு ஆடலாமா?" என்றாள். அவளை யாரோ இடித்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, இங்க வா," என்றார்.

போய் உட்கார்ந்தேன்.

"நான் சொன்னது வெளாட்டுக்கு. பயத்துலயும் சொன்னேன், இல்லன்னு சொல்லல. எங்க மாமனார் பட்டது அப்டி. ஒனக்கு நெலமும் இல்ல, பயமும் இல்ல. அந்த ஆளு உன்னைத் தனியாத்தான் கேட்டான். நீ இன்னாத்துக்குத் தலையாட்டுன?"

பதில் இருந்தது. நாலு வருடமாக இருந்தது. அதைச் சொல்லக் கூடாது என்றும் தெரிந்திருந்தது.

"கேக்க நல்லா இருந்துச்சுக்கா. ஈரம் காயவே காயாதுன்னு நீங்க சொன்னது. அதைப் போய்ப் பொய்னு சொல்ல..."

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, வேறு பக்கமாக மடித்து, பல்லால் ஒரு நுனியைப் பிடித்து மறுபடி கட்டினார்.

"நல்லா இருந்துச்சா," என்றார்.

பிறகு கல்பனா பக்கம் திரும்பி, "உமி குமிஞ்சி கெடக்குது பாரு, யாரும் அள்ளலியா?" என்று கேட்டார். கல்பனா எழுவதற்குள் நான் எழுந்து துடைப்பத்தை எடுத்தேன். வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை.