புளி போட்டு விளக்கிய நம்பர்

போன வாரம் மகன் புது மோட்டார் சைக்கிள் வாங்கினான். பதிவு செய்யப் போனபோது என்னையும் கூட்டிப்போனான். அங்கே ஓர் ஆள் குனிந்து, வண்டியின் இரும்பு உடம்பில் குத்தியிருந்த சாசி நம்பர்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தார். கருப்புக்குள்ளிருந்து எண்கள் வெள்ளையாக எழுந்து வந்தன. எனக்கோ மூக்கில் புளி வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

1975-இல் இந்தச் சைகோன் நகரம் வட வியட்நாமியரிடம் விழுவதற்கு முன்பு நான் இங்கே டிஸ்ட்ரிக்ட் 1 பகுதியில் ஒரு காரைக்கால்காரரின் துணிக்கடையில் இருந்தேன். அப்போது சீனர்கள் வாழும் சோலோன் பகுதியில் பட்டறை ஒன்றில் பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். பச்சை நிறம். அதில் ஏறி உட்கார்ந்தால் நானே முதலாளி என்று நினைப்பு. பட்டறைக்காரர் இரண்டு நம்பர் காட்டினார். எஞ்சினில் ஒன்று, பின்மூடியை ஒட்டி இரும்பு உடம்பில் குத்தியது ஒன்று. எஞ்சினை மாற்றலாம். மழைத்தண்ணீர் புகுந்து நானே பிறகு ஒரு தடவை மாற்றினேன். உடம்பில் இருப்பது மட்டும் வண்டி சாகிறவரை மாறாது, அதுதான் அதற்குப் பேர் என்றார்.

இதை வீட்டில் வந்து சொன்னேன். பேர் என்றால் என் மனைவி கமலாவுக்கு அது சாமி சமாச்சாரம். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கை விளக்கி முடித்ததும் மிச்சப் புளியும் செங்கல்பொடியுமாக வந்து அந்த நம்பரையும் துலக்குவாள். அப்புறம் சந்தனம், குங்குமம்.

“மொகம் தொடைக்காம பொட்டு வைக்கலாமாங்க?” என்பாள்.

எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. இங்குள்ள மாரியம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினால் குருக்களே ஒரு பார்வை பார்ப்பார்.

ஆட்சி மாறியது, கடை மூடியது. ஊர் போகிறவர்களுக்கு விமானம் விட்டார்கள். வண்டி வைத்திருந்தவர்கள் அதை வார்டு ஆபீஸில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கினால்தான் பயண அனுமதி. கமலாவுக்கு ஆறாம் மாதம் முடிகிற நேரம். வயிறு இன்னும் பெருத்தால் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். காரைக்காலில் அவள் அம்மா காத்துக்கொண்டிருந்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே?

ஆபீஸில் இருந்த அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். தாளை வைத்துத் தேய்த்தார். முதல் எண்கள் வந்தன. கடைசி எண்கள் வெறும் மூட்டம். எஞ்சினை மாற்றியிருந்ததால் அந்த நம்பரும் பேப்பரோடு சேரவில்லை.

“அரத்தால தேச்சிருக்கீங்க. உங்க வண்டிய வித்துட்டு யாரு வண்டியையோ கொண்டாந்திருக்கீங்க” என்றார் வியட்நாமியத்தில்.

“இல்லீங்க, புளியால தேச்சது” என்றேன். என் காதுக்கே அது பொய்யாகப் பட்டது.

வெளியே வரிசையில் பக்கத்து வீட்டு மரைக்காயர் நின்றார். எந்தப் பயத்திலும் வாய் சும்மா இராத மனிதர். “ஒம்பொஞ்சாதி வெளக்குன வெளக்குல வண்டிக்குப் பேரே போச்சே மாப்ளே! நல்லவேள, ஒம்மூஞ்சியத் தேய்க்கல” என்றார். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கமலா அழவில்லை. குத்துவிளக்கைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, “வாங்க, போவோம்” என்றாள். அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த விளக்கு அது. அடிப்பக்கத்தில் அம்மா பேரைப் புள்ளிபுள்ளியாக வெட்டியிருந்தார்கள். அதை அதிகாரியின் மேசைமேல் வைத்தாள்.

“அவருகிட்ட சொல்லுங்க. இதுல எங்கம்மா பேரு இருந்துச்சு. தடவிப் பாக்கச் சொல்லுங்க. பெத்தவ பேர யாராச்சும் அரத்தால தேய்ப்பாங்களா?”

நான் எடுத்துச் சொன்னேன். அவர் விளக்கின் அடியைத் தடவினார், பேர் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. புளி ஏறிய அவள் விரல்களையும் பார்த்தார்.

“நான் நம்புறேன் அக்கா. ஆனா மேல கேக்கணும்.”

மேலேயிருந்து சரி என்று பதில் வந்தபோது விமானம் போயிருந்தது. மரைக்காயரும் அதில் போய்விட்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அடுத்த விமானத்துக்குள் வயிறு பெருத்துவிட்டது என்று கமலாவை ஏற்ற மறுத்துவிட்டார்கள். மகன் இங்கேயே பிறந்தான். குழந்தை கொஞ்சம் தேறட்டும் என்றிருந்தோம், அதற்குள் மாமியார் காலமான செய்தி வந்தது. அப்புறம் கமலா ஊர்ப்பேச்சே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கை ஈரத்துணியால் துடைப்பாள், புளியைத் தொடமாட்டாள். உன் விளக்குக்குப் பொட்டு வைத்த கைக்கா இந்தத் தண்டனை தாயே என்று அம்மனிடம் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

கமலாவும் கண்ணை மூடிவிட்டாள். கோயிலில் இப்போது வியட்நாமியப் பெண்கள்தான் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். தமிழில் வேண்டிக்கொள்கிற குரல் என்னுடையது மட்டும்தான்.

பதிவு முடிந்ததும் மகன், “பொட்டு எங்கேப்பா வைக்கிறது?” என்று கேட்டான். வியட்நாமியப் பேச்சுக்கு நடுவே பொட்டு மட்டும் தமிழ்.

“நம்பர்ல வேண்டாம்பா. கைப்பிடியில வை.”

வீட்டுக்கு வந்து, அவன் வெளியே போனபிறகு குத்துவிளக்கைச் சாய்த்தேன். அடியில் தாளை வைத்து, பென்சிலைப் படுக்கப் போட்டு, அந்த ஆள் செய்தது போலவே மெதுவாகத் தேய்த்தேன். தாள் முழுக்கக் கருப்பு. ஒரு புள்ளிகூட வெள்ளையாக எழுந்து வரவில்லை.