படிக்கட்டின் உச்சியில் ஒரு பேட்டரி ஸ்கூட்டர்

கொல்லிமலை அருவிக்கு இறங்கும் ஆயிரம் படிகளின் உச்சியில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். நடக்க முடியாதவர்கள் ஓட்டும் சின்ன பேட்டரி ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் மஃப்ளர், காலில் பளிச்சென்ற சிவப்பு ஷூ. வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கீழே குளிக்கப் போயிருந்தார்கள். மூச்சிரைக்க யார் கடைசிப் படிக்கு வந்தாலும் 'பீப்' என்று ஹாரன் அடித்து நிறுத்தி, அருவியைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் விடுவார்.

எனக்கும் ஹாரன் அடித்தார். "ஏனுங்க, அருவி எப்படி இருந்துச்சுங்க?"

"நல்லா இருந்துச்சுங்க."

"இதையேதான் எல்லாரும் சொல்றாங்க."

செல்போனில் எடுத்த படத்தை நீட்டினேன். கையால் தள்ளிவிட்டார். "படத்தை எங்க ஊட்லயே பாத்துக்குவனுங்க. தண்ணி மேல பட்டப்ப எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க."

"குளிக்கலீங்க. குளிருமேன்னு தூரத்துலயே நின்னுட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க அத்தனை படி எறங்குனீங்க?"

செல்போனைப் பைக்குள் போட்டேன். அதற்குள் பருத்த ஆள் ஒருவர் தள்ளாடி ஏறி வந்து, தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துப் பலமாக உதறினார். அம்மாவின் முகமெல்லாம் தண்ணீர். "ஐயோ, பாக்கலீங்கம்மா!" என்று பதறினார் அவர்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். முகத்தைத் துடைக்கவே இல்லை. "இருக்கட்டும் சாமி. இத்தனை பேர்ல அருவியை மேல கொண்டாந்தது நீங்க ஒருத்தருதான். இன்னொருக்கா உதறுங்க."

அவர் உதறினார். பக்கத்தில் நானும் நனைந்துதான் நின்றிருந்தேன், வியர்வையில்.