எங்கள் வார்டின் லண்டன் வேட்பாளர்

போன நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நின்ற ஒருவர் லண்டனில் படித்தவர். உலகம் முழுக்கப் பேர் தெரிந்த பல்கலைக்கழகம். கட்சி எதுவும் இல்லாமல் சுயேச்சையாக நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் சாயப்பட்டறைக்காரர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

நான் ஆரணியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தறிக்காரர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துச் சேலை நெய்து வாங்கும் ஒரு குடும்பத்தின் மாடிப் போர்ஷனில் அப்போது குடியிருந்தேன். எங்கள் தாளாளர் சொல்லிக் கிடைத்த வீடு. எம்.எஸ்சி., பி.எட். என்று கேட்டதுமே வீட்டுக்கார அம்மா சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். சொந்த ஊர் கண்ணமங்கலம் பக்கம் என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது முட்டி வலியோடு மாடியேறிக் கஞ்சி கொண்டுவந்தவர். இதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை.

வேட்பாளர் எங்கள் தெருவுக்கு முதல்முறை வந்தபோது அவரை அம்மாதான் வாசலிலிருந்தே உள்ளே அழைத்துப்போய் சோபாவில் உட்காரவைத்தார். காபி வந்தது. கல்லூரியில் படிக்கும் தன் பேத்தியைக் கூப்பிட்டு நிறுத்தி, இவளும் உங்களைப் போல வெளிநாட்டில் படிக்க வேண்டும், வழி சொல்லுங்கள் என்றார். அவர் தன் போன் நம்பரைக் கொடுத்தார்.

பேச்சு வாசல் சாக்கடைக்கு வந்தது. ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடும் சாயத் தண்ணீர் அது. இது ஆற்றில் கலப்பதைத் தடுக்க வேண்டும் என்றார் அவர். அது போய்ச் சேருவது ஏரிக்கு என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு அம்மா என்னிடம் பெருமையாகவே சொன்னார்: "பெரிய படிப்பு படிச்சவங்க டீச்சர். சாக்கடை எங்க போவுதுன்னு அவங்களுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்?"

எனக்கு அவர் அப்படியொன்றும் மேதையாகத் தெரியவில்லை. அமைதியானவர், சொன்னதைக் கவனித்துக் கேட்கிறவர். பேசும்போது பாதி வார்த்தையை விழுங்குவார். அவரைவிடச் சூட்டிகையான பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு. ஆனால் தெருவில் அவர் புகழ் நாளுக்கு நாள் வளர்ந்தது. அவருடைய அப்பா நீதிபதியாக இருந்தவராம், தாத்தா காலத்திலேயே கார் வைத்திருந்த குடும்பமாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. லண்டனில் படித்தவர் வேறு எந்தக் குடும்பத்திலிருந்து வந்திருக்க முடியும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

பிரச்சாரம் முடியப்போகும் சமயத்தில் அவருடைய அம்மா நோட்டீஸ் கொடுத்தபடி எங்கள் தெருவுக்கு வந்தார். நான் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து கேட்டைத் திறந்துகொண்டிருந்தேன். யாரென்று தெரிந்ததும் வீட்டுக்கார அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். என்னையும் வரச் சொன்னார். பெற்ற வயிற்றுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்றெல்லாம் பேசினார். என்ன வேலையில் இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, களம்பூரில் ரைஸ் மில் என்றார் வந்தவர்.

"மில்லு வெச்சிருந்தீங்களா?"

"இல்லிங்க. களத்துல நெல்லு காய வைக்கிற வேலை."

வீட்டுக்கார அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. ஊர் எது என்று கேட்டார். சேத்துப்பட்டுப் பக்கம் என்றார் அவர்.

"ஊருல எந்தத் தெரு?"

"காலனிங்க."

குரலைத் தாழ்த்தாமல், பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பேத்தி சமையலறையிலிருந்து காபியோடு வந்தாள். பாட்டி அவளைக் கண்ணாலேயே தடுத்தார். அந்தப் பெண் காபியோடு திரும்பி உள்ளே போனாள். நான் பார்த்தேன். வந்தவரும் பார்த்தார். எழுந்து, என் பிள்ளைக்கு ஓட்டு போடுங்கம்மா, நல்லா செய்வான் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். என் கையிலிருந்த பையை மடியில் வைத்திருந்தேனா, கீழே வைத்தேனா என்பதுகூட இப்போது நினைவில்லை.

அன்று சாயங்காலம் கீழே கூடத்தில் அவர்கள் பேசியது மாடிப்படி வரை கேட்டது. வீட்டுக்கார அம்மாவின் மகன், எல்லாம் சர்க்கார் காசில் அனுப்பியது என்றார். அவர்களுக்கென்றால் மார்க் குறைவாக இருந்தாலும் இடம் கொடுத்துவிடுவார்கள் என்றார். வீட்டுக்கார அம்மா அதையும் தாண்டிப் பேசினார். "சாக்கடைத் தண்ணி எங்க போவுதுன்னே தெரியல. இவன் இன்னாத்த படிச்சிக் கிழிச்சான்?"

'அவங்க' ஒரே நாளில் 'இவன்' ஆகிவிட்டார். படிப்பு அதேதான், பல்கலைக்கழகம் அதேதான். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். என் எம்.எஸ்சி.யும் இந்த வீட்டில் எத்தனை நாளைக்கு எம்.எஸ்சி.யாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயப்பட்டறைக்காரர் ஜெயித்தார். எட்டாங்கிளாஸ் என்று கேலி பேசிய அதே தெரு, அவருக்கு அனுபவ அறிவு என்றது.

கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்தார். பேத்தி வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். அந்த லண்டன்காரரிடம் நான் பேசி, அவளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்க முடியுமா என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "ஓட்டு வேற, படிப்பு வேற டீச்சர்."

பேத்தியிடம் நம்பரை வாங்கி லண்டன்காரருக்குப் போன் செய்தேன். நடந்தது எதையும் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் அம்மாவுக்கு ஒரு வாய் காபி கொடுக்காத வீடு என்றேன். அம்மா அதை வந்து சொன்னாங்க என்றார்.

"லண்டன்ல எங்கூடப் படிச்சவங்க, உங்கப்பா மந்திரியான்னு கேட்டாங்க. கூலி வேலைன்னேன். தமாஷ் பண்றேன்னு சிரிச்சாங்க. அங்க மக்குப் பசங்களும் இருந்தாங்க டீச்சர், அப்பா பேரைச் சொல்லிகினு வந்தவங்க. நாளைக்கு அவங்க ஊர்ல அவங்கதான் மந்திரி. நானும் பெரிய மூளைக்காரன் இல்லீங்க. பரீட்சை நல்லா எழுதுவேன், அவ்ளோதான். சாக்கடையைப் பத்தி விசாரிக்காம பேசினது என் தப்புதான். ஆனா அதை அந்த வீட்டுக்காரங்க முதல் நாளே சொல்லியிருக்கலாம்."

கீழே போய், ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அனுப்பலாம் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் சந்தோஷமாக ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. யோசித்து வைத்துச் சொன்னதல்ல.

"அம்மா, நானும் காலனிதான்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தவளையே புதிதாகப் பார்த்தார்.

"உங்களப் பார்த்தா அப்பிடித் தெரியலியே டீச்சர்" என்றார். அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் என்னை இன்றுவரை தூக்கிவாரிப் போடுகிறது.

சண்டை எதுவும் நடக்கவில்லை. பேத்தி ஞாயிறுதோறும் அவரிடம் போய்வந்தாள். பொங்கல் கழிந்ததும், சொந்தக்காரர்கள் வருகிறார்கள், மாடி வேண்டும் என்றார்கள். காலி செய்தேன். வேறு வீடு தேடிப் போன இடங்களில், கேட்பதற்கு முன்பே நானே சொன்னேன். சில வீடுகளில் வாடகைக்கு இல்லை என்றார்கள். ஒரு வீட்டில் சாவி கொடுத்தார்கள்.

அடுத்த தேர்தலிலும் லண்டன்காரர் நிற்கப்போகிறாராம். தன் அம்மாவோடு வீடு வீடாகப் போக ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.