மகளுக்கு வைத்திருந்த பெயர்

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடையில் புதுவகைத் தும்பி ஒன்றைக் கண்டுபிடித்த ஆய்வாளர்கள், அதற்குப் பெயர் சொல்லும்படி தோட்டத்து மக்களைக் கூட்டிக் கேட்டார்கள். என் மனைவி மல்லிகா மெல்ல என் கையைத் தொட்டாள்.

“நம்ம புள்ளைக்கு வெச்சிருந்த பேரைச் சொல்லட்டுமாங்க? தர்ஷினின்னு.”

எங்கள் மகள் பிறக்கும்போதே இறந்துபோனவள்.

“பூச்சிக்கா அந்தப் பேரு? பேசாம இரு” என்றேன். பெயரைச் சொல்ல அவள் எழவில்லை. வேறு யாரோ சொன்ன பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் மல்லிகா சொன்னாள்: “நம்மளத் தவிர யாருக்கும் அந்தப் பேரு தெரியாதுங்க. நாலு பேரு சொல்லிக் கூப்பிடட்டுமேன்னுதான் நெனச்சேன்.”

மகளின் பெயரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால், அதை நான்கூட ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.