கல்யாணசுந்தரி பூப்போடாத குதிகால்

காரைக்குடிப் பக்கம் ஒருத்தி கம்பளிக் காலுறை பின்னினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சித்திரையில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் சீமை இது. புருஷன் உடையப்பன் பட்டாளத்தில் இருந்தபோது நீலகிரி வெலிங்டன் குளிரில் கற்றுக்கொண்ட வேலையை, அமராவதிபுதூருக்குத் திரும்பிய பிறகும் கல்யாணசுந்தரி விடவில்லை. ஆட்டுக்கு மாட்டிவிடவா என்று கேட்டார்கள். கேட்டவர்களின் ஆட்டுக்கு அளவெடுக்கவும் கிளம்பிவிட்டாள், அவ்வளவு குசும்பு.

1969இல் ஒரு வழி பிறந்தது. கண்டனூர் தேனம்மை ஆச்சி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் குன்னூர் எஸ்டேட்டில் வேலை. சீர்சாமான்களோடு ஊரே பார்க்கும்படி இரண்டு ஜோடி காலுறையும் பரப்ப வேண்டும், அதில் ஆத்தங்குடித் தரைக் கல்லில் இருக்கிற பூ வேண்டும் என்றார் ஆச்சி. வெள்ளிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தன் கைவேலை! கல்யாணசுந்தரிக்குத் தலைகால் புரியவில்லை.

பூவெல்லாம் கணுக்காலிலும் பாதத்தின் மேலும்தான். குதிகால் வரும்போது பாதிக் கண்ணிகளை ஊசியிலேயே நிறுத்திவிட்டு, மறுபாதியில் மட்டும் போய் வந்து ஒரு பட்டை பின்ன வேண்டும். ஷூவில் உரசித் தேயும் இடம். ஒரு கண்ணியைப் பின்னி மறு கண்ணியைப் பின்னாமல் தள்ளினால்தான் கெட்டியாக நிற்கும். அங்கே பூவுக்கு வேலையில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் மாப்பிள்ளையின் தாயார் சொர்ணவல்லி ஆச்சி சாமான் பார்க்க வந்தார். நூறு தூக்குவாளிகளில் மூடி சேராத ஒன்றை முதல் தொடுதலிலேயே எடுத்துவிடுகிற மனுஷி. காலுறையைப் புரட்டினார். முன்னால் பூ, பின்னால் மொட்டை. பெண் வீட்டில் நூலுக்குப் பஞ்சமா என்று கேட்டார். தேனம்மை ஆச்சி முகம் செத்துவிட்டது. பூ இல்லையென்றால் சபையில் வைக்க வேண்டாம் என்று சொர்ணவல்லி ஆச்சி தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

குதிகாலைப் பிரித்தால் அதற்குக் கீழே பின்னிய பாதம் முழுவதும் போய்விடும். இரண்டு ஜோடிக்கு நாலு நாள் எங்கே போதும்? கூடத்தில் ஓரமாக நின்ற கல்யாணசுந்தரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"போட்ருவோம் ஆச்சி. என்னத்தப் போடச் சொல்றீக?"

மங்களகரமாக ஏதாவது போடு என்றார் சொர்ணவல்லி ஆச்சி. குத்துவிளக்கா என்றாள், ஆச்சி தலையாட்டினார். தாமரையா, சங்கா, முருகன் வேலா? எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"குதிகால்ல ஆச்சி. ஒங்க மகன் ஏறி மிதிக்கிற எடம்."

தேனம்மை ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். குதிகால் பட்டை காலுக்குப் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும், மிதிபடவே படாது. அதை இவள் சொல்வாளா?

சொர்ணவல்லி ஆச்சி காலுறைக்குள் கையை விட்டு, பட்டையைத் தடவி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு, மொட்டையாகவே இருக்கட்டும் என்று வெள்ளித் தாம்பாளத்தின் அருகில் தானே வைத்தார். தேனம்மை ஆச்சி பெருமூச்சு விட்டார்.

காபி குடித்து முடித்து எல்லோரும் வீட்டின் அடுத்த கட்டுக்கு நகர்ந்தபோது, சொர்ணவல்லி ஆச்சி கல்யாணசுந்தரியை மட்டும் ஓரமாக இழுத்தார்.

"இந்தாத்தா, எனக்கும் ஒரு ஜோடி பின்னு. குதிகால்ல தாமரை போட்டு. அது மிதிபடாதுன்னு நம்ம ரெண்டு பேருக்குந்தான் தெரியுமே."

 கல்யாணசுந்தரி தரையில் உட்கார்ந்து ஆச்சியின் காலுக்கு அளவெடுத்தாள்.