இலைக்கு முதுகு கேட்டவர்

லிஃப்ட் மெக்கானிக் வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த மூன்றாம் மாதமே, உலகத்துக் காட்டுச்செடிகள் எல்லாம் அவரை நம்பித்தான் முளைக்கின்றன என்று ஆகிவிட்டது. ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் போன். இணையத்தில் ஒரு செடிக்கூட்டம் இருந்தது. எவரோ எங்கேயோ கண்ட செடியைப் படம் பிடித்துப் போடுவார்கள். இவரைப் போன்றவர்கள் சும்மாவே பெயர் சொல்வார்கள். மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் படத்தின்மேல் பச்சைப் புள்ளி விழும். அப்புறம் வேறு மூன்று பேர் கூடி மாற்றுப் பெயர் சொல்லும்வரை அந்தச் செடியே நேரில் வந்து மறுத்தாலும் எடுபடாது.

படம் போட்டவர்களை எல்லாம் அவர் ஒன்றுதான் கேட்பார்: "இலைக்கு முதுகு கிடையாதா? திருப்பிப் பிடிச்சு இன்னொரு படம் போடுங்க." அதனால் கூட்டத்தில் அவருக்கு முதுகு ஐயா என்றே பெயர்.

இப்போது அவருக்கு அந்தக் கூட்டத்தில் பெயர்ச் சண்டை தீர்க்கிற நடுவர் பதவி வேண்டும். செடிமேல் உள்ள பிரியத்தால் என்பார். தபால் பிரிக்கிற சகலை போன வருஷமே நடுவராகிவிட்டான் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அக்காளைக் கட்டியவர் இவர். தங்கையைக் கட்டியவன் அவன். சின்னவன் மேலே உட்கார்ந்தால் பெரியவருக்குச் சோறு இறங்குமா?

பதவிக்கு ஒரு மாதம் சோதனை. அதற்குள் ஒரே ஒரு தப்பான பெயர் சொல்லி அதற்குப் பச்சைப் புள்ளி விழுந்தால் போதும், எல்லாம் போச்சு. இருபத்தொன்பது நாள் மனிதர் கத்திமேல் நடந்தார். மனைவி நடுவில் மூன்று முறை வந்து நின்றாள்.

"என்னங்க, குழாயடியில ஒரு செடி மொளைச்சிருக்கு. பிடுங்கவா, விடவா? வந்து பாருங்களேன்."

"வேலையா இருக்கேன்ல? போட்டோ எடுத்துப் போடு, சொல்றேன்."

பத்தடி தூரம். நடந்தால் கௌரவம் குறையாதா?

கடைசி நாள் காலை, 'குழாயடி' என்று பெயர் வைத்துக்கொண்ட யாரோ ஒரு படம் போட்டார்கள். பொடிப்பொடி இலைகள், மேலிருந்து எடுத்தது. எட்டே நொடியில் முதுகு ஐயா எழுதினார்: "புளியங்கன்று. சந்தேகமே வேண்டாம்." முதுகைக் கேட்கவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்! ஐயா சொன்னால் சரி என்று இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் போட்டார்கள். பச்சைப் புள்ளி விழுந்தது.

அடியில் சகலையின் வரி வந்தது: "அண்ணே, இலைக்கு முதுகு கிடையாதா?"

சற்று நேரத்தில் முதுகுப் படமும் வந்தது. இலைகளுக்கு அடியில் கடுகு கோத்தாற்போல் வரிசையாகப் பச்சைக் காய்கள். பால் குடிக்கிற பிள்ளையும் சொல்லும், கீழாநெல்லி என்று. ஆனால் மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடாமல் போனது அதனால் அல்ல. செடிக்குப் பின்னால் ஒரு நீல வாளி. கைப்பிடி அறுந்ததற்கு லிஃப்ட் கம்பி போட்டு முறுக்கியிருந்தது. அந்த முறுக்கு அவர் கை முறுக்கு.

பின்வாசலுக்கு ஓடினார். குழாயடியில் மனைவி குந்தியிருந்தாள், போனும் கையுமாக.

"நீயா? நீயாடி?"

"நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"அழிச்சுடு. படத்தையே எடுத்துட்டா என் தப்பும் சேர்ந்து போயிடும். சகலை எல்லார்கிட்டயும் சொல்றதுக்குள்ள அழி!"

"அதெப்படி? பதினாறு பேரு படம் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. இத்தனை வருஷத்துல இந்த வீட்டுல எனக்கு ஒருத்தர் எழுதினீங்களா?"

இந்த வழக்குக்குச் செடிக்கூட்டத்திலும் நடுவர் இல்லை. முழங்கால் நெறுநெறுக்க அவளருகே குந்தினார். ஒரு கிளையை விரலால் திருப்பினார். உலகத்துக்கே முதுகு கேட்டவர் முதன்முதலாக ஓர் இலையின் முதுகைத் தொட்டார்.

"பிடுங்கவா, விடவா?" என்றாள் அவள்.

"விடு, இருந்துட்டுப் போகட்டும்."

அங்கேயே ஈரத்தரையில் இருந்தபடி போனை எடுத்து, "கீழாநெல்லி. நான் சொன்னது தப்பு" என்று எழுதினார். பதவி போயிற்று. சகலை உடனே ஆமாம் போட்டான். இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பச்சைப் புள்ளிக்கு மூன்றாவது ஆள் வேண்டுமே? பக்கத்தில் குந்தியிருந்தவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, நிதானமாக முதுகைப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் போட்டாள்.