சுரண்டாத ஜன்னல்

ஜன்னல் கம்பியைப் பழுதுபார்க்க வந்த பட்டறைத் தம்பி சுத்தியலால் மெல்லத் தட்டினான். பச்சைப் பெயிண்ட் அப்பளம் போல உடைந்து, உள்ளிருந்து துரு பொலபொலவென்று கொட்டியது.

“யாரு அக்கா இத அடிச்சது? துருவ சுரண்டாமலே மேல பூசிட்டாங்க லா. மத்த ஜன்னலெல்லாம் நல்லா இருக்கு.”

துரு வாசனை மூக்கில் ஏறியது. அடித்தது அப்பா. பட்டர்வொர்த் ஃபெரிக் கப்பலில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதுதான் அவர் வேலை. ஜார்ஜ்டவுன் உப்புக்காற்றில் எங்கள் வீட்டுக் கம்பிகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும். தீபாவளிக்கு முன் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் கரகரவென்று தேய்ப்பார். இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் சிவப்புப் பூச்சு. அது காய்ந்த பிறகுதான் பச்சை. “துரு மேல பெயிண்ட் அடிக்கிறதும் புண்ணு மேல பவுடர் போடுறதும் ஒண்ணு,” என்பார்.

எனக்குப் பத்து வயதான தீபாவளிக்கு, அம்மா இந்த ஜன்னலோரம் படுத்திருந்தார். தலைக்குள் கட்டி. கரண்டி விழுந்தாலே முகம் சுருங்கும். அப்பா பிரஷ்ஷை ஒரே ஒரு முறை இழுத்தார். அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டார். அப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, துருவின் மேலேயே சத்தமில்லாமல் பச்சையைப் பூசினார்.

“நல்லா இருக்குங்க,” என்றார் அம்மா.

பொங்கலுக்கு அம்மா இல்லை. மற்ற ஜன்னல்களை வருடா வருடம் சுரண்டிய அப்பா, கடைசிவரை இதை மட்டும் தொடவே இல்லை.

தம்பி துரு சுரண்டும் மெஷினைக் கையில் எடுத்தான்.

“சத்தம் அதிகமா இருக்கும்கா. உள்ள யாராச்சும் படுத்திருக்காங்களா?”

“யாருமில்ல தம்பி,” என்றேன்.